கேட் திறக்கும்வரை கவ்வியிரு

கர்சாய் வில்மாவின் வாழ்க்கையில் எந்த வேலையும் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் நீண்டதில்லை. கெரெக்ஹலோம் ஊருக்கு வெளியே, சூரியகாந்தி வயல்களுக்கு நடுவில் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், இருபத்தோரு வருஷமாக அவள்தான் கேட் கீப்பர். நாளொன்றுக்குப் பதினான்கு ரயில். சுவரில் இருக்கும் மணி அடித்தால் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இரும்புக் கைப்பிடியைப் பதினெட்டுச் சுற்று சுற்றினால் கேட் இறங்கும். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரயில் போனதும் திரும்பப் பதினெட்டுச் சுற்று. மாவு பிசைவது, துணி துவைப்பது, தலைவலி வந்தால் படுப்பது எல்லாமே இரண்டு ரயிலுக்கு நடுவில்தான். கட்டிக்கொண்டவன் நான்காம் வருஷமே தலைநகருக்குப் போய்விட்டான். அவன் போனதும் ஒரு ரயில் வந்த நேரத்தில்தான் என்பதால், வில்மாவால் வாசல்வரை போய் ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியவில்லை. அவன் பெட்டியோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். இவள் கொடியோடு இந்தப் பக்கம்.

குளிர்காலத்தில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஊர் வேட்டைச் சங்கத்தார் சுடும் ஃபெசன்ட் கோழிகளுக்கு இறகு பறித்துக் கொடுப்பாள். நீண்ட வாலும் செம்புநிற மார்பும் கொண்ட காட்டுக்கோழி அது. தோல் மெலிசு, பறிக்கத் தெரியாதவன் கையில் கிழிந்துவிடும். வில்மாவின் விரலுக்குக் கண் உண்டு என்பார்கள். இருட்டில் பறித்தாலும் எந்த இடத்தில் குண்டு பாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்த விரல்கள்தான் ஒரு வம்பை இழுத்துவிட்டன. டிசம்பரில் ஒருநாள் சங்கத் தலைவர் பகோந்தி டெஷோ கோழிகளை வாங்க வந்தபோது, நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவன், "என்ன தலைவரே, உங்க கோழியெல்லாம் நசுங்கிப் போயிருக்கு, பக்கத்துல போய்ச் சுட்டீங்களா?" என்று சீண்டினான்.

"தோட்டா பரவிப் போச்சுப்பா," என்றார் டெஷோ.

வில்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தோட்டா இல்ல தலைவரே. ரெண்டு பக்கமும் விலா உடைஞ்சிருக்கு. இது பல்லு. உங்க நாய் பறவைய எடுத்துட்டு வரல, மென்னுட்டு வருது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டெஷோவின் காது சிவந்தது. அவருடைய நாய் மால்னா, விஸ்லா என்னும் துரு நிற வேட்டை நாய். உயர்ந்த இனம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வேட்டை நாய்க்கு மோப்பம் குறைந்தாலும் பொறுப்பார்கள். வாய் முரடாக இருந்தால் பொறுக்கமாட்டார்கள். கடித்து நொறுக்கிய கோழியை யார் தின்பார்கள்?

மறுவாரம் தண்டவாளப் பராமரிப்பு ஆள் அம்புருஷ் தள்ளுவண்டியில் வந்து இறங்கியபோது செய்தி கொண்டுவந்தான். "வில்மாக்கா, தெரியுமா? மால்னாவ டெஷோ அவரு மச்சான்கிட்ட குடுக்கப் போறாராம். பழைய இரும்புக் கடையில கட்டிப் போடறதுக்கு. நாலடிச் சங்கிலி."

"எதுக்கு?"

"நீதான் சொன்னியே, மெல்லுதுன்னு."

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வில்மாவின் வாயால் இன்னொரு ஜீவன் கெட்டது. நாலடிச் சங்கிலி என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. வீட்டிலிருந்து கைப்பிடிவரை அவளுடைய தூரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை, மாற்று ஆள் வரும் விடுமுறை நாளில், அவள் சந்தைக்குப் போகாமல் டெஷோ வீட்டுக்குப் போனாள்.

"அக்டோபர்ல நடக்கற வேட்டை நாய்ப் பரீட்சை வரைக்கும் அந்த நாய எங்கிட்ட விடுங்க தலைவரே. நான் வாயத் திருத்தறேன்."

"நீயா? நீ கேட்டத் தொறந்து மூடறவ."

"அதுவும் தொறந்து மூடற வாய்தானே."

டெஷோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை; அவமானப்பட்ட மனுஷன், அவ்வளவுதான். "சரி. பறவையக் கொண்டுவர்ற அந்தப் பரீட்சையில தேறிட்டா நாய் உன்னோடது. நீயே சங்கத்துக்கு நாய் நடத்தற ஆளா வா. சனிக்கிழமையெல்லாம் எங்களோட வயல்ல நடக்கலாம். தேறலைன்னா இரும்புக் கடை. அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணக் கசக்கக் கூடாது."

வயலில் நடப்பது! காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலுவரை, நடுவில் மணி அடிக்காமல். வில்மா அதை நினைத்துப் பார்த்தபடியே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள்.

முதல் மாதம் அவள் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். நாய்க்குக் கையைக் கண்டால்தான் பயம். வாயில் ஏதாவது இருக்கும்போது கை நெருங்கினால் தாடை இறுகியது. டெஷோ நாலு பேர் முன்னால் பறவையை நாயின் வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவார். அதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பிடுங்கினால் யாராக இருந்தாலும் இறுக்கிப் பிடிக்கத்தானே செய்வார்கள்.

மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையை எடுத்து முயல்தோல் சுற்றினாள். நாயின் உதட்டைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் விரலால் மெல்ல அழுத்தி, வாய் திறந்ததும் கட்டையை வைத்தாள். தாடைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள். "கவ்வு." பத்துவரை எண்ணினாள். பிறகு "விடு" என்று சொல்லிவிட்டுப் பிடுங்காமல் காத்திருந்தாள். நாய் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டையைத் திருப்பிப் பார்த்துப் பல் பதிந்த இடங்களை எண்ணினாள்.

டெஷோ ஒருமுறை எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்: "கட்டையில ஆணி அடிச்சு வை. நாலு தடவை குத்தினா தானா மெதுவாப் பிடிக்கும். பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான்."

"உங்க கரண்டியில ரெண்டு ஆணி அடிச்சுத் தரேன், மீன் சூப் குடிச்சுக் காட்டுங்க தலைவரே. அப்புறம் பாக்கலாம்."

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். மால்னா கட்டையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வில்மா, "விடு, கண்ணு, விடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போது சுவர் மணி கணீரென்று அடித்தது. நாய் திடுக்கிட்டு வாயைத் திறந்தது. கட்டை பூப்போல அவள் உள்ளங்கையில் விழுந்தது. முதல்முறையாக இழுபறி இல்லாமல் கிடைத்த கட்டை! வில்மா நாயின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு கேட்டுக்கு ஓடினாள்.

வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு ரயில் அட்டவணையே பாட அட்டவணையானது. மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கட்டையைக் கொடுப்பாள். மணி அடித்ததும் "விடு" என்பாள். நாய் விடும். ஒரு ரொட்டித் துண்டு கொடுப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நடந்தது. தாடை தளர்ந்தது. மே மாதம் கட்டையில் ஒரு பல் தடமும் இல்லை.

பிறகு புறா இறக்கை, பிறகு முழுக் கோழி. கோழிக்கு எங்கே போவது? அம்புருஷ்தான் வழி செய்தான். தண்டவாளத்தில் ரயில் அடித்துப் போட்ட ஃபெசன்ட் வாரத்துக்கு ஒன்றாவது கிடக்கும்.

"தலையில அடிபட்டதா மட்டும் கொண்டா அம்புருஷ். விலா முழுசா இருக்கணும். இல்லேன்னா யாரு உடைச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிதான். இனிமே டிரைவர்கிட்டச் சொல்லி வைக்கிறேன், வில்மாக்காவுக்கு வேணும், கோழிய மரியாதையா தலையில மட்டும் இடிங்கன்னு."

ஒவ்வொரு கோழியையும் கொடுக்கும் முன்னால் ஒரு தடவை, வாங்கிய பிறகு ஒரு தடவை, இறக்கைக்கு அடியில் விரல் விட்டு விலாவைத் தடவினாள். ஆகஸ்டில் ஒன்றுகூட உடையவில்லை. மால்னா இப்போது, வில்மா வயலுக்குள் இழுத்துச் சென்று போட்ட கோழியைத் தானே மோப்பம் பிடித்துத் தேடி எடுத்து, தலையை நிமிர்த்தி ஓடிவந்து, அவள் முன் உட்கார்ந்து, மணி அடித்ததும் கையில் வைத்தது. அம்புருஷ் ஒருநாள் பச்சை முட்டையை அதன் வாயில் கொடுத்துப் பார்த்தான். கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. "நாம ஆம்லெட் சாப்பிடலாம்னு இருந்தேன், கெடுத்துட்டியே," என்று நாயிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

பரீட்சைக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. வியாழக்கிழமை. அன்று முதல்முறையாக வில்மா கேட்டை விட்டுத் தூரமாக, கால்வாய்க்கரைக்கு நாயை அழைத்துப் போனாள். அம்புருஷும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். கோழியைப் புல்லில் ஒளித்தார்கள். மால்னா அருமையாகத் தேடி எடுத்து வந்தது. எதிரில் உட்கார்ந்தது.

"விடு."

நாய் அவளையே பார்த்தது.

"விடு கண்ணு."

கண் சிமிட்டியது, வாய் திறக்கவில்லை. தாடை இறுகவும் இல்லை. மெத்தென்று பிடித்துக்கொண்டு எதற்காகவோ காத்திருந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வில்மாவுக்குக் கையை நீட்டி இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒருமுறை இழுத்தால் பத்து மாதப் பாடம் பாழ்.

"போகட்டும்க்கா, கொஞ்சம் காலாற நடந்துட்டு வருவோம்," என்று அம்புருஷ் சைக்கிளைத் திருப்பினான். அவன் கை தவறி மணியில் பட்டது. கிணிங்.

கோழி அவள் காலடியில் விழுந்தது. மால்னா ரொட்டித் துண்டுக்காக வாலை ஆட்டியது.

வில்மா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்புருஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நான் நாயப் பழக்கல அம்புருஷ். மணியப் பழக்கிட்டேன்."

"சைக்கிள் மணிய எடுத்துட்டுப் போயேன்க்கா பரீட்சைக்கு. பாக்கெட்ல வச்சு அடிச்சுக்கோ."

"ஹார்ஷ் ஐயா நடத்தற பரீட்சை. அந்த மனுஷன் நாய் கொட்டாவி விட்டாக்கூட மார்க் குறைப்பாரு. அப்புறம் வேட்டையில நடுவயல்ல எங்கேயாச்சும் மணி அடிச்சா? கோவில் மணி, பள்ளிக்கூட மணி... அங்கேயே போட்டுட்டு ரொட்டி கேக்குமே."

வீட்டுக்கு நடக்கும்போதே யோசித்து முடித்துவிட்டாள். மணியை நிறுத்த முடியாது, அது ரயில்வேயுடையது. மணியின் அர்த்தத்தைத்தான் மாற்ற வேண்டும். இதுவரை மணி என்றால் விடு. இனி மணி என்றால் கவ்வியிரு.

மறுநாள் காலை ஏழு பதினைந்து வண்டிக்கு மணி அடித்தபோது, கோழியைக் கவ்வியிருந்த நாயின் தாடைக்குக் கீழே அவள் உள்ளங்கையைக் கொடுத்து, "கவ்வு" என்றாள். அப்படியே கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கைப்பிடியண்டை அழைத்துப் போனாள். கேட்டை இறக்கினாள். இடக்கையில் கொடி. வலப்பக்கத்தில் கோழியைக் கவ்வியபடி நாய். ரயில் தடதடவென்று போனது. பிறகு மேலே பதினெட்டுச் சுற்று. கேட் முழுக்க நிமிர்ந்த பிறகுதான், மண்டியிட்டு, உள்ளங்கையை ஏந்தி, "விடு." முதல் இரண்டு நாள் கோழி தண்டவாளக் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விழவில்லை. அதற்குப் பிறகு, நாயைத் தள்ளி வயலோரமாக உட்கார வைத்துவிட்டே அவளால் கேட்டை இறக்கி ஏற்ற முடிந்தது. பதினெட்டாவது சுற்று முடிந்து கேட் நிமிர்ந்ததும் மால்னா தானே எழுந்து ஓடிவந்து அவள் கையில் கொடுத்தது.

ரயில் டிரைவர்களுக்கு அது திருவிழாவாகிவிட்டது. கொடி பிடித்த பெண்ணும் கோழி பிடித்த நாயும் விறைப்பாக நிற்பதைப் பார்த்து ஊதல் ஊதினார்கள். பிற்பகல் வண்டியில் பயணிகள் ஜன்னலில் தொங்கிக் கையசைத்தார்கள். ஊதலுக்கும் நாய் அசையவில்லை.

பரீட்சை நாத்ஷாஸ் ஊரின் சோளக்கட்டை வயல்களில் நடந்தது. பதினோரு நாய்கள். ஹார்ஷ் ஐயா உயரமான, தொங்குமீசை வைத்த வனத்துறை ஆள். சிரித்ததை யாரும் கண்டதில்லை. சட்டம் எளிது. செத்த கோழியை இருநூறு அடி இழுத்துப்போய்ப் புல்லில் போடுவார்கள். ஒரே ஒரு உத்தரவு சொல்லி நாயை அனுப்ப வேண்டும். அது தனியாகப் போய் எடுத்துவந்து உட்கார்ந்து, சொன்ன பிறகு விட வேண்டும். கூடுதலாகச் சொல்லும் ஒவ்வொரு உத்தரவுக்கும் மார்க் குறையும். கடைசியில் ஹார்ஷ் ஐயா விலாவைத் தடவிப் பார்ப்பார். வழியில் கீழே போட்டால், மென்றால், வீட்டுக்குப் போகலாம்.

சீட்டுக் குலுக்கியதில் வில்மாவுக்குக் கிடைத்தது ஒன்பதாம் எண். முன்னால் போன நாய்கள் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் தின்றன. டெஷோ வேலியோரம் கைகட்டி நின்றார். பக்கத்தில் அம்புருஷ் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்ன மறந்து கையில் வைத்திருந்தான்.

"கொண்டா," என்று வில்மா அனுப்பினாள். மால்னா மூக்கைத் தரையில் வைத்து, வளைவில் தடுமாறாமல், புல்லுக்குள் மறைந்தது. மறுபடி தெரிந்தபோது செம்புநிறக் கோழி வாயில் இருந்தது. அரைவாசி தூரம் வந்துவிட்டது.

அப்போது நாத்ஷாஸ் கோவிலின் மத்தியான மணி அடிக்க ஆரம்பித்தது.

இந்தச் சமவெளியில் எந்த ஊரிலும் பன்னிரண்டுக்கு மணி அடிக்காமல் இருக்காது. வில்மா பிறந்ததிலிருந்து அதைக் கேட்கிறாள். எல்லாவற்றையும் யோசித்தவள், தன் முறை எத்தனை மணிக்கு வரும் என்று யோசிக்கவில்லை.

மால்னா நின்றது. வேலியோரம் அம்புருஷ் கண்ணை மூடிக்கொண்டான். நாய் கோழியைப் போடவில்லை. நின்ற இடத்திலேயே, சோளக்கட்டைகளுக்கு நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்தது. மணி ஓயும்வரை காது மட்டும் அசைந்தது. வில்மாவின் கண் நிறைந்துவிட்டது. கவ்வியிருக்கிறது!

மணி ஓய்ந்தது. நாய் எழுந்திருக்கவில்லை.

"போச்சு. உறைஞ்சு போச்சு," என்று டெஷோ முணுமுணுத்தார்.

ஹார்ஷ் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வில்மா நாயின் பார்வை போன திசையைப் பார்த்தாள். அது வலதுபக்கமும் இடதுபக்கமும் மாறி மாறி எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அது ரயிலைத் தேடுகிறது. ரயில் வந்து, கேட் திறக்காமல் எப்படி வருவது?

கூப்பிட்டால் குழம்பும், கேட்டருகே அவள் அதை ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை. வேறு வழி தெரியவில்லை. வில்மா கால்களை அகட்டி நின்றாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக் காற்றில் சுற்ற ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? தண்ணி இறைக்குதா?"

ஏழு. எட்டு. குறைக்க முடியாது, கணக்கு நாய்க்கும் தெரியும். பத்துப் பன்னிரண்டு பேர் இப்போது வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் முகம் எரிந்தது. பதினாறு. பதினேழு. பதினெட்டு. கையை மேலே நிமிர்த்தினாள், கேட் நிமிர்வதுபோல.

மால்னா எழுந்தது. நேராக ஓடிவந்து எதிரில் உட்கார்ந்தது. வில்மா மண்டியிட்டு உள்ளங்கையை ஏந்தினாள். "விடு." கோழி கையில் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஹார்ஷ் ஐயா கோழியை வாங்கி, இறக்கைக்கு அடியில் தடித்த விரல்களை விட்டு நெடுநேரம் தடவினார்.

"அது என்ன உத்தரவும்மா? என் புஸ்தகத்துல இல்லையே."

"கேட்டத் தொறந்தேங்கய்யா."

"எந்த கேட்டு?"

அவள் சொன்னாள். மணி, ரயில், பதினெட்டுச் சுற்று எல்லாம். அவர் மீசையை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"பதினெட்டுச் சுத்துக்குப் பதினெட்டு மார்க் குறைக்கலாம்," என்றார். "ஆனா சொன்னது ஒரே விஷயம்தானே. ஒரு உத்தரவுன்னு வச்சுக்கறேன். மூணாம் வகுப்பு. தேர்ச்சி. விலா ஒவ்வொண்ணும் முழுசா இருக்கு."

டெஷோ பக்கத்தில் வந்தார். சட்டைப்பையிலிருந்து நாயின் பிறப்புச் சான்றை எடுத்து அவளிடம் நீட்டினார். தேறும் என்ற நம்பிக்கை இல்லாதவர் அதை எதற்கு எடுத்துவந்தார் என்று அவள் கேட்கவில்லை.

வாராந்திர விடுமுறையை வியாழனிலிருந்து சனிக்கு மாற்றச் சொல்லி வில்மா எழுதிக் கொடுத்தாள். நவம்பரில் முதல் வேட்டை. காலை ஏழிலிருந்து மாலை நாலுவரை ஈர மண் பூட்ஸில் அப்ப நடந்தாள். பத்து மணி வாக்கில், எதையோ போட்டுவிட்டு வந்ததுபோலப் பதறித் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வயல்தான். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டுவாசலில் உட்கார்ந்து இறகு பறித்துக்கொண்டிருந்தபோது டெஷோ வந்தார். தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏதாச்சும்... விலா உடைஞ்சது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு."

டெஷோவின் முகம் விழுந்தது. "சரி, ஒண்ணுதானே. நாய்க்கும் பழக வேண்டாமா..."

"நாய்ப் பல்லு இல்ல தலைவரே. ஒரே பக்கம்தான் உடைஞ்சிருக்கு, உள்ள பத்து ஈயக்குண்டு. நீங்க பக்கத்துல போய்ச் சுட்டது."

சுவர் மணி அடித்தது. வில்மா எழுந்து ஓடினாள். மால்னா சுற்றிலும் பார்த்தது; கவ்வுவதற்கு அருகில் எதுவும் இல்லை, தலைவரின் தொப்பியைத் தவிர. அதை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய் விறைப்பாக உட்கார்ந்தது.

"ஏய், என் தொப்பி!" டெஷோ பின்னாலேயே போய்க் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டார். வழுக்கைத் தலையில் நவம்பர்க் காற்று அடிக்க, நாய்க்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, ரயில் வரும் திசையைப் பார்த்தார்.